மதுரையை மாத்துற காசும் சாவியும் யார் கையில?

பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் அடிக்கடி போறவங்க, பக்கத்துல ஒரு பழைய கல் கட்டடம் நிக்கிறதைக் கவனிச்சிருப்பீங்க. நாயக்கர் காலக் கோட்டையோட மிச்சம் அது. மத்ததெல்லாம் எங்க போச்சு?

1840கள்ல கலெக்டரா இருந்தவர் பிளாக்பர்ன். ஊரு கோட்டைக்குள்ள நெருக்கியடிச்சுக் கிடந்துச்சு. அவர் ஒரு டீல் போட்டார்: சுவரை இடிச்சு அகழியை மூடுறவங்களுக்கு அந்த இடம் சொந்தம். வேலையை மக்களே செஞ்சாங்க. இன்னைக்கு இருக்கிற வெளி வீதிகள் அப்படி வந்தவைதான். நிலத்தை அளந்த மாரட், இடிப்பு வேலையை நடத்தின பெருமாள் மேஸ்திரி, ரெண்டு பேரும் தெருப் பெயரா நிலைச்சுட்டாங்க. பிளாக்பர்ன் நினைவா வந்ததுதான் விளக்குத்தூண்.

கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா உழைப்பு மக்களோடது, முடிவு கலெக்டரோடது. நகராட்சியே 1866லதான் வந்துச்சு.

இப்போ நம்ம காலத்துக்கு வருவோம். 1971ல மதுரை மாநகராட்சி ஆச்சு. ஆனா கமிஷனரை நியமிக்கிறது மாநில அரசுதான். 1993ல 74வது அரசியல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்துச்சு. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை உள்ளாட்சித் தேர்தல் கட்டாயம்னு அது சொல்லுது.

2016 செப்டம்பர்ல மதுரை ஸ்மார்ட் சிட்டி பட்டியல்ல வந்துச்சு. திட்டத்தோட விதிப்படி மத்திய அரசு ஒரு நகரத்துக்கு 500 கோடி வரை தரணும்னு இருந்துச்சு. மாநிலமும் மாநகராட்சியும் சேர்ந்து அதே அளவு போட வேண்டியிருந்துச்சு. செலவு பண்ணது மாநகராட்சி மன்றம் இல்ல, இதுக்காகவே தொடங்கின தனி கம்பெனி. அதுல மாநிலத்துக்குப் பாதி, மாநகராட்சிக்குப் பாதி.

அடுத்த மாசமே கவுன்சிலர்களோட பதவிக்காலம் முடிஞ்சுச்சு. இட ஒதுக்கீடு வழக்குல உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பை ரத்து செஞ்சுச்சு. அப்புறம் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில. நடுவுல அஞ்சு வருஷத்துக்கு மேல தனி அலுவலர் ஆட்சி. பெரியார் பஸ் ஸ்டாண்டை இடிச்சு, புதுசா கட்டி, 2021 டிசம்பர்ல திறந்தும் முடிச்சாச்சு. நம்ம 100 வார்டுல ஒண்ணுக்குக்கூட அப்போ கவுன்சிலர் கிடையாது.

அதாவது, மாநகராட்சியோட பாதிப் பங்கை வச்சிருந்ததும் அரசு போட்ட அதிகாரிதான். சாஃப்ட்வேர் பாஷையில சொன்னா, ரெண்டு பேர் அப்ரூவ் பண்ண வேண்டிய இடத்துல ரெண்டு லாகினும் ஒரே ஆள்கிட்ட.

கவுன்சிலர் இருந்தா வேலை இழுக்கும்னு சிலர் சொல்வாங்க. இழுக்கலாம். ஆனா தள்ளுவண்டிக்காரங்க எங்க போவாங்க, மழைத்தண்ணி எங்க போகும்னு கேக்க, நாம ஓட்டுப் போட்ட ஒரு ஆளு அந்த அறையில இருக்கணும். பிளாக்பர்ன் காலத்துல அந்த நாற்காலியே கிடையாது. நம்ம காலத்துல நாற்காலி இருந்துச்சு, உக்கார ஆளு இல்ல.

உங்க வார்டு கவுன்சிலர் பேர் தெரியுமா? தெரியலைன்னா, இந்த எபிசோட் முடிஞ்சதும் தேடிப் பாருங்க.