வட்டுக்கோட்டைச் செமினரியும் அதன் கலைச்செல்வமும்

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. மறு ஆண்டில் அது நடத்திய முதல் பி.ஏ. தேர்வில் தேறிப் பட்டம் பெற்றவர் இருவர். ஒருவர் கறல் விசுவநாத பிள்ளை, மற்றவர் சி. வை. தாமோதரம் பிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்தார், இருவரும் வட்டுக்கோட்டைச் செமினரி என்னும் ஒரே கலைக்கூடத்தில் பயின்றவர். ஆனால், அவர்கள் பட்டம் பெற்ற நாளில் அக்கலைக்கூடம் இல்லை. அதனைத் தோற்றுவித்த அமெரிக்க மிஷனே 1855-இல் அதன் கதவை அடைத்துவிட்டது.

இத்தகைய மாணாக்கரை ஆக்கித் தந்த ஒரு கலைக்கூடத்தை அதன் தலைவர்களே மூடியதற்குக் காரணம் யாது? அங்கு மாணவர் எவ்வாறு வாழ்ந்தனர், அவர் கைக்கு எட்டிய கல்விக் கருவிகள் யாவை, அக்கருவிகளைக் கொண்டு அவர்கள் என்ன செய்தனர் என்பனவற்றை முறையே நோக்கினால் விடை தானே புலப்படும்.

கல்லூரி என்னும் பெயர் மறுக்கப்பட்டது

அமெரிக்காவின் புரொட்டஸ்டண்டு கிறித்தவர்கள் 1810-இல் அமைத்த அயல்நாட்டு மிஷன் சங்கத்தின் தொண்டர்கள் 1816-இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தனர். தெல்லிப்பழையும் வட்டுக்கோட்டையும் அவர்களுடைய முதல் நிலையங்கள். அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே நடந்த போர் 1815-இல்தான் ஓய்ந்திருந்தது. இலங்கையை ஆண்ட ஆங்கில அரசு அமெரிக்கரை ஐயத்துடனேயே நோக்கிற்று. 1820-இல் அச்சுத்தொழில் நடத்த வந்த ஜேம்ஸ் கேரட் என்பவர் நாட்டை விட்டு வெளியேறுமாறு பணிக்கப்பட்டார்.

இந்நிலையில், 1823-இல், டானியல் பூர் முதலிய தொண்டர்கள் தமிழ் இளைஞர்க்கு உயர்கல்வி அளிக்கும் கல்லூரி ஒன்றை அமைக்கத் திட்டம் வகுத்து அச்சிட்டு வெளியிட்டனர். தமிழும் வடமொழியும் ஆங்கிலமும் மேனாட்டு விஞ்ஞானமும் ஒரே கூரையின்கீழ்ப் பயிற்றப்பெற வேண்டும் என்பது அத்திட்டத்தின் சாரம். கல்லூரி என்னும் தகுதியை அமெரிக்கர்க்கு வழங்க அரசு இசையவில்லை. ஆயினும் கல்வி தொடங்கிற்று. பெயர் மட்டும் சுருங்கி, முடிவில் ‘செமினரி’ என நிலைத்தது. சமயப் பணியாளரைப் பயிற்றும் பள்ளி என்பதே அச்சொல்லின் பொருள். பெயரால் குருமடம், பாடத்தால் கல்லூரி என்னும் இந்த இரட்டை நிலையே பின்னர் எழுந்த வழக்குக்கு வித்தாயிற்று.

உறைவிடமும் உணவும்

பழைய தேவாலயம் இருந்த வளவிலேயே செமினரி எழுந்தது. இலங்கை நீதிபதி சர் ரிச்சர்ட் ஓட்லியின் பெயரால் அமைந்த ஓட்லி மண்டபம் அதன் நடுநாயகமாக விளங்கிற்று. மாணவர் யாவரும் அங்கேயே தங்கிப் பயின்றனர். தொடக்க காலத்தில் உணவும் உடையும் நூலும் மிஷனின் செலவு. அமெரிக்காவிலுள்ள அன்பர் ஒருவர் ஒரு மாணவனின் செலவை ஏற்றால், தாம் விரும்பிய பெயரை அவனுக்குச் சூட்டலாம் என்பது வழக்கம். சதாசிவம் பிள்ளை ஆர்னல்ட் ஆனதும், சிதம்பரப் பிள்ளை நெவின்ஸ் ஆனதும், விசுவநாத பிள்ளை கறல் ஆனதும் இவ்வாறே. பிற்காலத்தார் இப்பெயர்களைக் கண்டு வெள்ளையர் என மயங்குவதுண்டு. அவர்கள் யாழ்ப்பாணத்துத் தமிழர் வீட்டுப் பிள்ளைகளே.

பெயரை மாற்றிக்கொள்ளத் தயங்காத மாணவர் உணவில் தயங்கினர். பெரும்பாலோர் வேளாளர் குடியினர். கிறித்தவர் வளவில் சமைத்த சோற்றை உண்டால் சாதி கெடும் என்று பெற்றோர் அஞ்சினர். ஆகவே, சமைப்பவர் யார், சமைக்கும் இடம் எது, உடன் அமர்ந்து உண்பவர் யார் என்பன மிஷனுக்கு நெடுங்காலம் தலைவலியாயின. வகுப்பில் யூக்லிட் என்ன சொன்னார் என்பதில் கருத்து வேறுபாடு எழவில்லை, சமையற்கட்டிலேதான் எழுந்தது.

இலங்கை அரசின் செயலாளராக இருந்த சர் எமர்சன் தெனன்ட் செமினரியை நேரிற் கண்டு, 1850-இல் வெளியான தம் நூலில் அதன் தோற்றத்தை விவரித்துள்ளார். உறங்கும் அறையும் உண்ணும் கூடமும் சமையற்கட்டும் முற்றிலும் நாட்டு முறைப்படியே, ஆனால் மிகத் தூய்மையாக இருந்தனவாம். அவற்றைக் கடந்து விரிவுரைக் கூடத்துள் நுழைந்தால் காற்றை வெளியேற்றும் பம்பு, மின்சாரப் பொறி, இயந்திரவியல் மாதிரிகள் முதலியன அணிவகுத்து நின்றனவாம். எட்டாண்டு பரந்த பாடத்திட்டத்தைக் கண்ட தெனன்ட், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பவைத்து அதனைப் போற்றினார். தரையில் அமர்ந்து உண்ட பிள்ளைகள் எழுந்து சென்று மின்பொறியைச் சுழற்றினர். வீட்டு வாழ்வை விடாமலே புதிய அறிவை எட்டிப் பிடித்தனர் எனலாம்.

கிரகணம் தந்த பாடம்

நன்னூலும் திருக்குறளும் பாடமாயிருந்த அதே வகுப்பில் வடிவகணிதமும் வானநூலும் பாடமாயின. இவ்விரு மரபும் முதன்முதல் மோதியது 1829-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில். அவ்வாண்டு நிகழவிருந்த சந்திர கிரகணத்தை வட்டுக்கோட்டைப் பஞ்சாங்கக் கணிதர் விசுவநாத சாத்திரியார் கணித்திருந்தார். டானியல் பூர் மேனாட்டு முறையிற் கணித்துப் பார்த்தபோது, தொடங்கும் நேரத்திலும் நீடிக்கும் காலத்திலும் மறைவின் அளவிலும் வேறுபாடு கண்டார். கிரகண இரவில் ஊரார் கூடிப் பார்த்தனர். பூரின் கணக்கே பொருந்திற்று.

மிஷனார் இதனைத் தம் சமயத்துக்குக் கிட்டிய வெற்றியாகக் கொண்டாடினர். ஆனால், வாழையடி வாழையாக வந்த பழைய வாய்பாடுகளைக் கொண்டே, நிமிடக் கணக்கிலான வேறுபாட்டுக்குள் ஒரு கிரகணத்தைக் கணித்த சாத்திரியாரின் திறமும் சிறிதன்று. இதனைப் பூருக்குப்பின் தலைமை ஏற்ற ஹென்றி ஹொய்சிங்டன் நன்குணர்ந்தார். ‘உள்ளமுடையான்’ என்னும் தமிழ்ச் சோதிட நூலை ஆங்கிலத்தில் பெயர்த்து, குறிப்புகளுடன் 1848-இல் வெளியிட்டார். பின்னர்ச் சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் மொழிபெயர்த்து அமெரிக்கக் கீழ்த்திசைக் கழகத்தின் இதழில் வெளிவரச் செய்தார். சைவத்தை மறுப்பதற்கெனத் தொடங்கிய படிப்பு, சைவ சித்தாந்தத்தை அமெரிக்க அறிஞர்க்கு அறிமுகம் செய்வதாய் முடிந்தது.

அச்சும் எழுத்தும்

செமினரியின் கருவிகளுள் தலையாயது அதன் வளவுக்கு வெளியே, மானிப்பாயில் இருந்தது. 1834-இல் ஈஸ்ட்மன் மைனர் என்னும் அச்சாளர் வந்தபின் அமெரிக்க மிஷன் அச்சகம் அங்கு ஓங்கிற்று. ஏட்டுச்சுவடியிலேயே தமிழ் பெரிதும் முடங்கிக்கிடந்த அக்காலத்தில் அதன் அருமை சொல்லி முடியாது. 1841-இல் ‘உதயதாரகை’ என்னும் இதழ் தமிழும் ஆங்கிலமுமாக வெளிவந்தபோது, அதன் ஆசிரியராக அமர்ந்த ஹென்றி மார்ட்டினும் செத் பேசனும் செமினரியில் பயின்ற தமிழரே.

மாணவராய் இருந்தோர் நூலாசிரியர் ஆயினர். நெவின்ஸ் சிதம்பரப் பிள்ளை மேனாட்டுத் தருக்கத்தைத் தமிழில் விளக்கும் ‘நியாய இலக்கணம்’ என்னும் நூலை 1850-இல் வெளியிட்டார். கறல் விசுவநாத பிள்ளை ‘வீசகணிதம்’ என்னும் அட்சரகணித நூலை 1855-இல் தந்தார். தமிழில் அறிவியல் எழுத இயலுமா என்ற வினா பிற்காலத்தில் பன்முறை எழுந்தது. அவ்வினா எழுவதற்கு முன்னரே அதற்கு விடை அச்சேறிவிட்டது.

மூடியவரின் வழக்கு

‘வீசகணிதம்’ வெளிவந்த அதே 1855-ஆம் ஆண்டில் செமினரி மூடப்பட்டது. டானியல் பூர் மானிப்பாயில் வாந்திபேதிக்கு இரையானதும் அவ்வாண்டிலேயே. பாஸ்டனிலிருந்து வந்த மிஷன் செயலாளர் ரூபஸ் அண்டர்சனின் தூதுக்குழு நிலைமையை ஆய்ந்தது. ஊர்ச் சபைகளை ஊர்மக்களே, தம் தாய்மொழியில் நடத்த வேண்டும் என்பது அண்டர்சனின் கொள்கை. ஆங்கிலம் கற்றவன் ஊரில் தங்கான். அரசாங்க ஊதியத்தை நாடிச் செல்வான். குருவாகான் என்று அவர் வாதிட்டார்.

இவ்வாதத்தைப் பொய்யென்று தள்ளுதல் இயலாது. மாணவர் பலர் அரசாங்கப் பணியையே நாடினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதலாக, மிஷன் பள்ளிகள் பரப்பிய ஆங்கிலக் கல்வியைத் துணைக்கொண்டு யாழ்ப்பாணத்தார் பலர் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறி, இரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் அமர்ந்த வரலாறும் அண்டர்சனின் கணிப்பையே உறுதி செய்யும். தாய்மொழிவழிக் கல்வி என்னும் அவர் கோட்பாடும் தமிழாசிரியர்க்கு உவப்பானதே.

ஆயினும் அவர் ஒன்றைக் காணத் தவறினார். தமிழையும் ஆங்கிலத்தையும் தராசின் இரு தட்டுகளாகவே அவர் கண்டார். ஒன்று உயர மற்றொன்று தாழும் என நினைத்தார். செமினரியின் மாணவரிடத்தே நடந்தது வேறு. தாமோதரம் பிள்ளை ஆங்கிலக் கல்வியின் உச்சியில் நின்ற பட்டதாரி. அவரே 1881-இல் வீரசோழியத்தையும், 1885-இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையுடனும், 1887-இல் கலித்தொகையையும் ஏடுகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தார். ஆர்னல்ட் சதாசிவம் பிள்ளை தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் திரட்டிப் ‘பாவலர் சரித்திர தீபகம்’ என 1886-இல் வெளியிட்டார். இவர்களுள் தாமோதரம் பிள்ளையும் விசுவநாத பிள்ளையும் பின்னாளில் சைவத்துக்கே திரும்பினர். மிஷனின் கணக்கில் அது இழப்பு. தமிழின் கணக்கில் அது இழப்பாகாது.

ஊரார் கேட்ட கல்லூரி

செமினரி மூடப்பட்டபின் அவ்வளவில் தமிழ்வழியே பயிற்றும் சிறு பள்ளி ஒன்று நடந்தது. ஊரார் மனம் அதில் நிறைவுறவில்லை. பழைய மாணவரும் பெற்றோரும் உயர்கல்வி வேண்டுமென்று வற்புறுத்தினர், பொருளும் திரட்டினர். அதன் பயனாய் 1872-இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றிற்று. 1823-இல் அரசு மறுத்த பெயர் அரை நூற்றாண்டு கழித்துக் கிடைத்தது. முதன்முறை அமெரிக்கர் கொண்டுவந்து கொடுத்தனர். இம்முறை தமிழர் கேட்டுப் பெற்றனர். இவ்வேறுபாடே செமினரி விதைத்த கல்வியின் பெரும்பயன் என்க.

ஒரு கலைக்கூடத்தை நிறுவுவோர் அதற்கு ஒரு நோக்கத்தை வகுக்கலாம். நூலையும் கருவியையும் மாணவன் கையில் கொடுத்தபின், அவற்றை அவன் எந்நோக்கத்துக்குப் பயன்படுத்துவான் என்பதை அவர்கள் வகுக்க இயலாது. குருமாரைத் தேடியவர்க்கு வட்டுக்கோட்டை ஏமாற்றமாயிருந்திருக்கலாம். தொல்காப்பியப் பொருளதிகாரத்தை அச்சிற் காணும் தமிழாசிரியர்க்கு அது ஏமாற்றமன்று.