சுழியோடியின் உடை: நனைந்தும் காக்கும் இறப்பர்

கனடாவில் வாழும் என் பெறாமகன் ஒருவன் அண்மையில் தொலைபேசியில் அழைத்தான். "பெரியப்பா, ஓகஸ்ட்டிலை நிலாவெளிக்கு வாறன். புறாத்தீவிலை சுழியோடப் போறன். வெட்சூட் ஒண்டு வாங்க வேணும். எங்கட கடல் சூடுதானே, மெல்லிசா வாங்கலாமோ, இல்லாட்டி வாங்காமலே விடலாமோ?" என்பது அவன் கேள்வி. நான் சுழியோடி அல்லன். ஆயினும் பத்திரிகைக்காரனுக்கு எதற்கும் பதில் சொல்லிவிடும் பழக்கம் உண்டு. "மன்னாரிலை முத்துக்குளிச்சவன் கோவணத்தோடை இறங்கினவன், உனக்கு என்னத்துக்கு இறப்பர் உடுப்பு?" என்று சொல்லிவிட்டேன். பின்னர் இது பற்றிச் சற்று வாசித்தபோது என் பதில் தவறானது என்று தெரிந்தது. அது தவறான விதம்தான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

முத்துக்குளிப்பில் இருந்தே தொடங்குவோம். சிலாவத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் நடந்த முத்துக்குளிப்புகள் உலகப் புகழ் பெற்றவை. மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். பிரித்தானிய அதிகாரிகள் பக்கம் பக்கமாகப் பதிந்திருக்கிறார்கள். சுறாக்களை மந்திரத்தால் கட்டிவைக்கும் கடற்கட்டி கரையில் நின்றாலன்றிச் சுழியோடிகள் தோணி ஏறமாட்டார்கள் என்பதும் அப்பதிவுகளில் உண்டு. 1905ஆம் ஆண்டுப் பெருங்குளிப்பில் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. இவ்வளவையும் வெற்றுடம்புடன் எடுத்தார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் எப்படி வேலை செய்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கல்லொன்றில் கால் வைத்துக் கயிற்றைப் பற்றி இறங்கும் சுழியோடி ஏறத்தாழ ஒரு நிமிடம் அடியில் இருப்பான். பின்னர் மேலே வந்துவிடுவான். ஒரு கல்லுக்கு இருவர். ஒருவன் இறங்கிச் சிப்பி அள்ளி முடித்தபின் மற்றவன் முறை. முன்னவன் அவ்வேளையில் ஓய்வெடுப்பான். நண்பகல் வேட்டுச் சத்தத்தோடு அன்றைய குளிப்பு முடிந்துவிடும். பங்குனி, சித்திரை வெயில் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. அவர்களுக்கு உடை இருக்கவில்லை என்பதைவிட, அவர்களுடைய வேலை முறையே அவர்களுக்கு உடையாக இருந்தது என்று சொல்வதே பொருத்தம். நான் கோவணத்தை மட்டும் நினைவில் வைத்து, தோணியையும் வெயிலையும் மறந்துவிட்டேன்.

இதற்கு இன்னொரு கடலில் இருந்து சாட்சி உண்டு. கொரியாவின் பெண் சுழியோடிகளான ஹென்யோக்கள் பருத்தி உடையுடன் கடலில் இறங்கி, உடல் நடுங்கத் தொடங்கியதும் கரையேறி நெருப்பு மூட்டிக் குளிர்காய்ந்துவிட்டுத் திரும்ப இறங்குவது வழக்கம். 1960களில் அவர்களை ஆராய்ந்த உடற்றொழிலியலாளர் சுக் கி ஹோங், குளிர்காலத்தில் அவர்களது உடல் வழமையை விடக் கூடிய வெப்பத்தை உண்டாக்கியதைக் கண்டறிந்தார். 1970களின் பிற்பகுதியில் அப்பெண்கள் வெட்சூட்டுக்கு மாறினார்கள். கடலில் தங்கும் நேரம் பன்மடங்கானது. ஆனால் சில ஆண்டுகளிலேயே அந்தச் சிறப்பு ஆற்றல் அவர்களது உடலை விட்டு மறைந்துவிட்டதை 1980களின் ஆய்வுகள் காட்டின. உடல் பழகியதை உடை வாங்கிக்கொண்டது. தலைமுறை தலைமுறையாகப் பழகிய உடலுக்கே நெருப்பு வேண்டியிருந்தது என்றால், ரொறன்ரோவில் கணினி முன் இருக்கும் பிள்ளையை என்னவென்று சொல்வது?

1943இல் ஜாக் கூஸ்தோவும் எமில் கான்யாவும் பிரான்சில் காற்றுச் சிலிண்டரோடு இயங்கும் மூச்சுக் கருவியை உருவாக்கியதும் பழைய ஒழுங்கு குலைந்தது. ஒரு நிமிடத்தில் மேலே வரவேண்டிய மனிதன் முக்கால் மணி நேரம் அடியில் இருக்கலாயினான். நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துவது. அசையாமல் நிற்கும் வெற்றுடம்பு நீரில் வெப்பத்தை இழக்காமல் இருக்க வேண்டுமானால் அந்நீர் 33 பாகை செல்சியசுக்கும் மேல் இருக்க வேண்டும். நமது கடல் பெரும்பாலும் 27இல் இருந்து 30 வரைதான். இறங்கும்போது இதமாக இருக்கும். முதற் சுழியோட்டத்தில் ஒன்றும் தெரியாது. இரண்டாவதில் விரல்கள் விறைக்கும். மூன்றாவதில் பல் கிட்டும். வெப்பக் கடலின் குளிர் வட்டிக்குக் கொடுத்த கடன் போன்றது. ஒரே நாளில் தெரியாது, சேர்ந்தபின்தான் தெரியும்.

இரண்டாம் உலகப் போரில் தவளை மனிதர்கள் எனப்பட்ட கடற்படைச் சுழியோடிகள் நீர் புகாத இறப்பர் உடைகளை அணிந்தனர். சிறு கிழிசல் போதும், உள்ளே நீர் நிறைந்து உடை பயனற்றுப்போகும். எல்லோரும் நீரை எப்படி வெளியே நிறுத்துவது என்றே சிந்தித்துக்கொண்டிருந்த வேளையில், 1951இல் ஹியூ பிராட்னர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் வேறொன்றைச் சொன்னார். அணுகுண்டுத் திட்டத்தில் லொஸ் அலமொசில் பணியாற்றி, பின் பேர்க்லி பல்கலைக்கழகத்துக்கு வந்தவர் அவர். உடைக்குள் நீர் வந்தால் வரட்டும், உடலை நனைக்கட்டும். வெப்பத்தைக் காப்பது உடையின் பொருளுக்குள் சிறைப்பட்டிருக்கும் வாயுக் குமிழிகளே என்பது அவரது வாதம். அதற்கேற்ற பொருளாக நுரைத்த நியோப்ரீனை எடுத்துக்காட்டியவர் அவருடைய நண்பரான கடலியலாளர் வில்லர்ட் பாஸ்கொம். பிராட்னர் இதனால் பெரும் செல்வம் சேர்க்கவில்லை. காப்புரிமையும் அவருக்குக் கிட்டவில்லை. கலிபோர்னியாவில் ஜாக் ஓநீலும் மைஸ்ட்ரல் சகோதரர்களும் கடை வைத்து வெட்சூட்டை உலகெங்கும் கொண்டுசென்றனர். கண்டுபிடித்தவர் யார் என்ற சர்ச்சை நெடுங்காலம் நீடித்தது. 1998இல் வெளியான ஆய்வொன்று பழைய கடிதங்களைத் தேடியெடுத்து அந்தப் பெருமையைப் பிராட்னருக்கே உரியதாக்கியது. அவர் 2008இல் காலமானார்.

இந்த நியோப்ரீனின் பிறப்பில் நமது நாட்டுக்கும் ஒரு பங்குண்டு. 1876இல் கம்பகாவுக்கு அருகே ஹெனரத்கொடை தோட்டத்தில் நடப்பட்ட இறப்பர் கன்றுகள் அரை நூற்றாண்டுக்குள் ஒரு பெருந்தொழிலாக வளர்ந்தன. களுத்துறையிலும் களனிப் பள்ளத்தாக்கிலும் மலையகத் தமிழ்த் தொழிலாளரின் கைகளும் அந்த மரங்களில் பால் வெட்டின. விலை வீழ்ச்சியைத் தடுக்க 1922இல் பிரித்தானியா ஸ்டீவன்சன் திட்டத்தின் கீழ் இலங்கை, மலாயா இறப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. 1925இல் விலை வானளாவ உயர்ந்தது. இறப்பருக்காகப் பிறர் கையை எதிர்பார்த்திருந்த அமெரிக்கா செயற்கை இறப்பர் தேடும் வேகத்தை இது கூட்டியது. 1930இல் டூபோன்ட் நிறுவன ஆய்வுகூடத்தில் ஆர்னோல்ட் கொலின்ஸ் குளோரோப்ரீனைக் கண்டார். மறு ஆண்டு அதிலிருந்து செய்த இறப்பர் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதுவே பின்னாளில் நியோப்ரீன் எனப் பெயர் பெற்றது. கதை அங்கேயும் முடியவில்லை. 2010இல் அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம், குளோரோப்ரீன் மனிதரில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என வகைப்படுத்தியது. 2016இல் பற்றகோனியா நிறுவனம் நியோப்ரீனைத் தவிர்த்து, பெரும்பகுதி இயற்கை இறப்பரால் ஆன வெட்சூட்டுகளை விற்பனைக்கு விட்டது. தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் மரத்துப் பாலுக்கே திரும்பியிருக்கிறார்கள்.

இனிப் பெறாமகனின் கேள்விக்கு வருவோம். வெட்சூட் தன்னுள் புகும் நீரைச் சூடாக்கி நம்மைக் காக்கிறது என்று கடைக்காரர்கள் சொல்வதுண்டு. பிராட்னர் சொன்னது அதுவல்ல. காப்பது குமிழி; உள்ளே வந்த நீர் வெளியேறாமல் இருந்தாலே போதும். ஆகவே தடிப்பை விட அளவே முக்கியம். கழுத்திலும் மணிக்கட்டிலும் முதுகின் பள்ளத்திலும் இடைவெளி உள்ள 5 மில்லிமீற்றர் உடையை விட, உடலோடு ஒட்டிய 3 மில்லிமீற்றர் உடை நல்லது. நமது கடலுக்கு முழுக்கையும் முழுக்காலும் கொண்ட 3 மில்லிமீற்றர் பெரும்பாலானோருக்குப் போதும். எளிதில் குளிராதவர் 29 பாகை நீரில் அரைக்கால் உடையோடு சமாளிப்பார். மெலிந்தவர்களும் ஒரே நாளில் மூன்று முறை இறங்குபவர்களும் அப்படிச் செய்யலாகாது. கால் முழுவதும் மூடியிருந்தால் பவளப்பாறைக் கீறலில் இருந்தும் சொறியில் இருந்தும் தப்பலாம். வெயிலுக்கும் அது நல்லது.

ஆழம் இன்னொரு கணக்கு. 10 மீற்றரில் அமுக்கம் இரு மடங்காகும். குமிழி பாதியாகச் சுருங்கும். 30 மீற்றரில் கால் பங்கு. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்த ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் 50 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில் கிடக்கிறது. அங்கே செல்பவர் வாங்கிய தடிப்பில் சிறு பகுதியையே அணிந்திருப்பார். உடையின் மிதப்பும் அவ்வாறே குறைந்திருக்கும். புறாத்தீவின் ஆழமற்ற பவளத்துக்கு இந்தக் கவலை இல்லை.

பயணத்துக்கு மெல்லிய உடையே வசதி. உலர்ந்த 3 மில்லிமீற்றர் உடை பெட்டியில் இரண்டு கிலோ அளவில் அடங்கிவிடும்; நனைந்தால் அதன் நிறை வேறு. ஆகவே கடைசிச் சுழியோட்டத்துக்கும் விமானத்துக்கும் இடையே ஒரு நாள் விடுவது உடலுக்கும் நல்லது, உடைக்கும் நல்லது. நன்னீரில் அலசி, உள்ளே வெளியே புரட்டி, நிழலில் உலர்த்த வேண்டும். மடித்தால் அம்மடிப்பில் குமிழிகள் நசிந்து அந்த இடம் காப்பை இழக்கும். சுருட்டி வைப்பதே முறை. ஆரம்பகால உடைகளுக்கு உட்துணி கிடையாது. பவுடர் கொட்டி, நண்பர் இருவர் இழுத்துத்தான் அணிவித்தார்கள். நைலோன் துணி ஒட்டப்பட்ட பின்னரே தனியாக அணிய முடிந்தது. உட்துணியின் தரத்தைக் கையால் தடவிப் பார்த்து வாங்கு என்று அவனுக்குச் சொன்னேன்.

இவ்வளவும் விடுமுறைக்கு வருபவனின் கவலை. அதே கடலில், வடக்கிலும் வடமேற்கிலும் கடலட்டைக்கும் சங்குக்கும் சிலிண்டருடன் இறங்குபவர்கள் இருக்கிறார்கள். பழைய சேர்ட்டும் நீளக் காற்சட்டையும் அணிந்து, ஒரே நாளில் பல முறை இறங்குவோரும் அவர்களில் உண்டு. அமுக்க நோயால் நடக்கும் ஆற்றலை இழந்தவர்கள் உண்டு. உயிர் இழந்தவர்களும் உண்டு. அந்நோய்க்கு முதற் காரணம் ஆழமும் நேரமும்; மேலேறும் வேளையில் உடல் குளிர்ந்திருந்தால் திசுக்களில் கரைந்த நைதரசன் வெளியேறுவது மந்தமாகி ஆபத்துக் கூடுகிறது. அவர்களிடம் நல்ல உடை இல்லை. ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் கணிப்பானும் பலரிடம் இல்லை. முன்னோரின் வெற்றுடம்பை அவர்கள் வைத்திருக்கிறார்கள். முன்னோரின் ஒரு நிமிடக் கணக்கை அவர்களுடைய பிழைப்பு விடவில்லை.

பெறாமகன் இரண்டு நாள் கழித்துத் திரும்ப அழைத்தான். 3 மில்லிமீற்றர், முழுக்கை, கறுப்பு. "பெரியப்பா, திரும்பிப் போகேக்கை அதை ஆருக்கும் குடுத்திட்டுப் போகலாமோ?" என்று கேட்டான். மன்னாரில் ஒருவரை எனக்குத் தெரியும், அவருடைய அளவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.