ப்ரேயர், நமாஸ், தொழுகை

உடன்குடியைச் சுற்றிச் சில கல் தொலைவுக்குள் நான்கு விதமான சொற்கள் வழங்குகின்றன. நம் பள்ளிவாசல்களில் நடப்பது தொழுகை. மணப்பாட்டுக் கத்தோலிக்கர்கள் செபம் என்பார்கள்; மெஞ்ஞானபுரத்துச் சீர்திருத்தத் திருச்சபையார் அதனையே ஜெபம் என்று எழுதுவார்கள். குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மன் கோயிலுக்குச் செல்வோர் பூசை என்றும் வேண்டுதல் என்றும் சொல்வார்கள். தொழுது முடித்துக் கையேந்தினால் நமக்கு அது துஆ. அண்டை வீட்டார் எவரும் இந்தச் சொற்களை மாற்றிச் சொல்வதில்லை. "தொழுதுவிட்டீர்களா?" என்று நம்மிடம் கேட்கும் கருப்பட்டி வியாபாரி, தம் வீட்டாரிடம் அச்சொல்லைப் பயன்படுத்தமாட்டார். ஆனால் இவை அத்தனையையும் ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் ஒரே சொல்தான் வரும்: ப்ரேயர்.

அந்தச் சொல்லின் வேர் இலத்தீனில் உள்ளது. கெஞ்சிக் கேட்டல், இரத்தல் என்பதே அதன் முதற்பொருள். பழைய ஆங்கிலப் பேச்சில் 'தயவுசெய்து' என்று சொல்லவேண்டிய இடத்தில் இதன் வினைச்சொல்லையே போட்டார்கள். இன்றும் நம் நீதிமன்றங்களில் ஆங்கிலத்தில் எழுதப்படும் மனுக்களின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். 'இன்ன பரிகாரத்தை எனக்கு வழங்கவேண்டும்' என்று மனுதாரர் கேட்கும் அந்தப் பகுதிக்குப் பெயர் ப்ரேயர். வரப்புத் தகராறுக்கும் வாடகைப் பாக்கிக்கும்கூட அங்கே ப்ரேயர் உண்டு! மணியைக் குறிக்கும் 'பீட்' என்ற ஆங்கிலச் சொல்லும் இதற்கு உறவுடையதே. பண்டைய ஆங்கிலத்தில் அதற்கு வழிபாட்டு வேண்டல் என்றே பொருள். செபமாலையை உருட்டி எண்ணியவர்களால், எண்ணப்பட்டதன் பெயர் எண்ண உதவிய மணிக்கு வந்து ஒட்டிக்கொண்டது.

ஆக, ஆங்கிலச் சொல்லின் நடுநரம்பு 'கேட்டல்'. கேட்பதற்கு நேரம் வேண்டாம், திசை வேண்டாம், உடல் தூய்மை வேண்டாம், வாய் திறக்கவும் வேண்டாம். படுக்கையில் கிடந்தபடி நெஞ்சுக்குள் கேட்டாலும் அது ப்ரேயர்தான்.

இச்சொல்லைத் துருக்கி மொழிக்குக் கொண்டுசெல்ல முனையும் மொழிபெயர்ப்பாளர் முதல் அடியிலேயே நின்றுவிடுவார். எந்த ப்ரேயர் என்று அவர் கேட்டாக வேண்டும். உளூச் செய்து, கிப்லாவை முன்னோக்கி, குறித்த நேரத்தில் நின்றும் குனிந்தும் நெற்றியை நிலத்தில் வைத்தும் நிறைவேற்றுவது நமாஸ். கைகளை ஏந்தி இறைவனிடம் கேட்பது துவா. இரண்டுக்கும் துருக்கியர் சேர்க்கும் வினைச்சொற்களும் வேறு வேறு. வழிபாடு என்ற பொதுப்பொருளுக்கு இபாதெத் என்ற மூன்றாவது சொல் இருக்கிறது. ஆங்கிலத்தில் ப்ரேயர் என்ற சொல்லை முன்னொட்டாகக் கொண்ட பொருள்களும் துருக்கியில் தனித்தனிப் பெயர் பெற்றுவிடுகின்றன. தொழும் விரிப்பு அங்கே செஜ்ஜாதே. ஸஜ்தா என்ற சொல்லின் வழி வந்தது. மணிமாலை தெஸ்பிஹ். அழைப்பு எஸான். பேருந்து நிலையத்திலும் விமான நிலையத்திலும் தொழுவதற்கென ஒதுக்கிய அறை மெஸ்ஜித். ஆங்கிலத்தில் ஒரே சொல்லைச் சுமந்து நிற்கும் இந்த நான்கில் ஒன்றிலும் நமாஸ் என்ற சொல் இல்லை.

தமிழிலும் அப்படித்தான். முஸல்லா, தஸ்பீஹ், பாங்கு, பள்ளி என்று நான்கும் பிரிந்தே நிற்கின்றன. தாமிரபரணிக் கரையின் கோரையைக் கொண்டு பத்தமடையில் லெப்பைமார் குடும்பங்கள் நெய்யும் பாயில் தொழுதாலும் அது முஸல்லாதான். தொழுகையைத் 'தொழுதாயா' என்கிறோம். துஆவைக் 'கேட்டாயா' என்கிறோம். துருக்கியர் வகுத்த அதே எல்லையை, அவர்களோடு கலந்து பேசாமலே, நம் முன்னோரும் வகுத்திருக்கிறார்கள். மார்க்கத்தின் நடைமுறை ஒன்றாக இருந்ததால் சொற்களின் எல்லையும் ஒன்றாக அமைந்தது. சொற்கள் வந்து சேர்ந்த வழிதான் வேறு.

துருக்கியர்க்கு இஸ்லாம் தரைவழியே, குராசானையும் பாரசீக மொழியையும் கடந்து சென்றது. ஆகவே அவர்களின் அன்றாட மார்க்கச் சொற்களில் பாரசீகம் மிகுதி. நமாஸ் பாரசீகம். உளூவுக்கு அவர்கள் சொல்லும் அப்தெஸ்த் 'கைநீர்' என்று பொருள்படும் பாரசீகம். நபிக்கு அவர்கள் வழங்கும் பெய்கம்பெர் என்பதும் அதுவே. நமக்கு மார்க்கம் கடல்வழியே வந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டெழுதிய காயல் துறைமுகத்தில் ஹுர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் வந்த மரக்கலங்கள் குதிரைகளை இறக்கின. அரபு நாவிலிருந்து நேரே நம் நாவுக்கு வந்தவை உளூ, துஆ, ஜமாஅத் ஆகியவை. இதில் ஒரு வேடிக்கையான குறுக்குமறுக்கும் உண்டு. தொழுகைக்குப் பாரசீகப் பெயரிட்ட துருக்கியர், அழைப்புக்கு அரபுச் சொல்லை வைத்துக்கொண்டார்கள். தொழுகைக்குத் தமிழ்ப் பெயரிட்ட நாம், அழைப்புக்குப் பாரசீகச் சொல்லை எடுத்துக்கொண்டோம். பாங்கு என்பது உரத்த குரல் என்று பொருள்படும் பாரசீகச் சொல்.

நமாஸ் என்ற சொல்லின் பூர்வீகமும் அறியத்தக்கது. வளைதல், குனிதல் என்ற பழைய வேரிலிருந்து பிறந்தது அது. அதே வேரிலிருந்து வடமொழியில் கிளைத்தது நமஸ். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி மேற்கே சென்றால் மலையாள முஸ்லிம்கள் தொழுகையை நிஸ்காரம் என்கிறார்கள். நமஸ்காரம் என்பதன் மரூஉ. இஸ்தான்புல்லில் நமாஸ் என்பவரும் பொன்னானியில் நிஸ்காரம் என்பவரும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே வேரைப் பற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

நம்முடைய 'தொழு' அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அது தமிழின் பழஞ்சொல். கை குவித்து வணங்குதலே அதன் தொடக்கப் பொருள். பகைவன் கூப்பிய கைக்குள்ளும் கொலைக்கருவி மறைந்திருக்கலாம் என்று எச்சரிக்கும் வள்ளுவர், அங்கே கையாள்வது இந்தச் சொல்லைத்தான். கதிரவனைத் தொழுதார்கள், மன்னனைத் தொழுதார்கள், கணவனையும் தொழுதார்கள். இப்படிப் பலரும் புழங்கிய ஒரு சொல்லை ஏகத்துவத்தின் முதற்கடமைக்குப் பெயராக எடுக்க நம் முன்னோர் அஞ்சவில்லை. இதில் நான் வியக்கும் செய்தி ஒன்றுண்டு: நம் தொழுகையில் கை கூப்புதல் என்ற செயலே இல்லை! தக்பீருக்குக் கை உயர்த்துகிறோம், நெஞ்சிலோ வயிற்றிலோ கட்டுகிறோம், முழங்காலில் வைக்கிறோம், நிலத்தில் ஊன்றுகிறோம், கூப்புவதில்லை. சொல்லின் பழைய உடல் முழுவதும் கழன்று, நாள்தோறும் ஐவேளை செய்த பழக்கத்தால் புதிய உடல் வந்து சேர்ந்தது.

எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் உமறுப்புலவர் 17ஆம் நூற்றாண்டில் சீறாப்புராணம் பாடியபோது இச்சொல் நன்கு வேரூன்றிவிட்டிருந்தது. நுபுவ்வத்துக் காண்டத்தில் 'தொழுகை வந்த வரலாற்றுப் படலம்' என்றே ஒரு படலத்துக்குப் பெயர் அமைந்திருக்கிறது. அந்தத் தலைப்பைப் படிக்கும் எவரும் கை கூப்புதலை நினைக்கமாட்டார். பள்ளி என்ற சொல்லின் கதையும் இதுவே. கழுகுமலைப் பக்கம் சமணத் துறவியரின் உறைவிடங்களைச் சுட்டிய அச்சொல், நம்மிடம் அல்லாஹ்வின் இல்லத்தைக் குறிக்கலாயிற்று. நோன்பும் அவ்வாறே வந்தது. எந்த அரசரும் ஆணையிடவில்லை. எந்தக் குழுவும் கூடிக் கலைச்சொல் வகுக்கவில்லை.

ஒரு சொல் பல பொருள் தருவது ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய குறையன்று என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஸலாத் என்ற அரபுச் சொல்லே அத்தகையது. அஹ்ஸாப் அத்தியாயத்தின் 56ஆம் வசனத்தில் அல்லாஹ்வும் வானவர்களும் நபி (ஸல்) அவர்கள்மீது செய்வதாகக் கூறப்படுவதும் ஸலாத்தோடு வேர் ஒன்றிய வினைதான். அல்லாஹ்விடமிருந்து அது அருள், வானவரிடமிருந்து பாவமன்னிப்பு வேண்டல், நம்மிடமிருந்து துஆ என்று விரிவுரையாளர்கள் பிரித்து விளக்கினார்கள். தமிழில் நாம் அதற்கு ஸலவாத்து என்ற பன்மைச் சொல்லைத் தனியே வைத்துக்கொண்டு தொழுகையோடு குழம்பாமல் காத்துக்கொண்டோம்.

இத்தகைய சொற்கள் ஊன்றிய பிறகு, அவற்றை அரசு கைவைத்து மாற்ற முயன்றால் என்ன நேரும் என்பதற்குத் துருக்கியே சான்று. உதுமானிய கிலாஃபத் 1924இல் ஒழிக்கப்பட்டது. 1928இல் அரபு எழுத்து போய் இலத்தீன் எழுத்து வந்தது. 1932இல் பாங்கையும் துருக்கி மொழியிலேயே சொல்லவேண்டும் என்றார்கள். அல்லாஹ் என்ற திருநாமத்தின் இடத்தில், இஸ்லாத்துக்கு முன்பிருந்தே வழங்கிய தான்ரி என்ற துருக்கிச் சொல் ஒலித்தது. 1933 பிப்ரவரியில் பர்ஸா நகரத்து மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், கைதுகள் தொடர்ந்தன. 1941இல் சட்டம் இன்னும் இறுகி, அரபியில் பாங்கு சொல்வது சிறைத்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. அந்த மொழிபெயர்ப்பில் இரண்டு சொற்கள் அசையவில்லை. தொழுகைக்கு அழைக்கும் இடத்தில் நமாஸ் என்ற பாரசீகச் சொல் அப்படியே நின்றது. வெற்றிக்கு அழைக்கும் இடத்தில் ஃபலாஹ் என்ற அரபுச் சொல்லும் நின்றது. அயற்சொல் களைய வந்தவர்களுக்கும் அவற்றுக்கு ஈடு கிடைக்கவில்லை.

அக்காலத்தில் மஹ்மத் ஆகிஃப் எர்சொய் என்ற கவிஞரிடம் குர்ஆனைத் துருக்கியில் பெயர்க்கும் பணி ஒப்படைக்கப்பட்டிருந்தது. துருக்கியின் தேசிய கீதத்தை எழுதியவர் அவரே. எகிப்தில் தங்கிப் பல ஆண்டுகள் உழைத்தார். தம் மொழிபெயர்ப்பைத் தொழுகைக்குள் அரபு மூலத்துக்குப் பதிலாக ஓதச் செய்துவிடுவார்களோ என்ற அச்சம் அவருக்கு எழுந்தது. கையெழுத்துப் படியை அரசிடம் கொடுக்கவில்லை. ஒரு நண்பரிடம் ஒப்படைத்து, தாம் திரும்பி வராவிட்டால் எரித்துவிடச் சொன்னார். 1936இல் அவர் இறந்தார். பின்னாளில் அது எரிக்கப்பட்டது. பொருள் அறிவதற்காகப் பெயர்ப்பது வேறு, மூலத்தின் இடத்தில் அமர்த்துவதற்காகப் பெயர்ப்பது வேறு என்பதை அவர் கண்டிருந்தார். மொழிபெயர்ப்பைக் குற்றமாகக் கருதியவராக இருந்திருந்தால் அவர் அப்பணியைத் தொட்டிருக்கவே மாட்டார்.

1950 ஜூன் 16 அன்று, ரமலான் தொடங்கும் தறுவாயில், துருக்கி நாடாளுமன்றம் அந்தத் தடையை நீக்கியது. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் மினாராக்களில் மீண்டும் அரபுப் பாங்கு கேட்டது. பேச்சில் மட்டும் மக்கள் முன்போலவே நமாஸ் என்றார்கள்; இன்றும் அப்படியே சொல்கிறார்கள்.

நம் நிலைமைக்கு வருவோம். நம்மிடம் எந்த அரசும் தொழுகை என்ற சொல்லை விடும்படி கேட்கவில்லை. ஆங்கிலப் பள்ளியும் வளைகுடா வாழ்வும் அலுவலகப் பேச்சும் அதைச் சத்தமின்றி நகர்த்துகின்றன. "ப்ரேயர் முடித்துவிட்டாயா?" என்று வீட்டுக்குள்ளேயே தாய்மார் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். வெளியூர் அலுவலகத்தில் ஓர் இளைஞர் ப்ரேயருக்காகப் பத்து நிமிடம் கேட்டால், "இருக்கையிலேயே செய்துகொள்ளலாமே" என்று மேலாளர் சொல்வதில் வியப்பில்லை. பல வேளைகளில் அதில் வெறுப்பும் இராது. அவர் கேட்ட சொல்லுக்கு அவர் அறிந்த பொருள் நெஞ்சுக்குள் வேண்டுதல். அதற்கு எழுந்து போகவேண்டிய தேவை இல்லைதான். நமாஸ் என்றோ ஸலாத் என்றோ சொல்லி, நின்றும் குனிந்தும் நிறைவேற்றுவது என்று ஒரு வரி விளக்கியிருந்தால் பேச்சு வேறு திசையில் போயிருக்கும். ஆங்கிலத்தில் பேசும்போதும் இச்சொல்லைப் பெயர்க்காமல் வைத்துக்கொள்வதே சரி என்பது என் கருத்து. யோகா என்ற சொல்லை எவரும் உடற்பயிற்சி என்று பெயர்த்துச் சொல்வதில்லையே!

நீதிமன்றத்திலும் இந்தச் சிக்கல் நுழைந்திருக்கிறது. 1994 அக்டோபர் 24 அன்று இஸ்மாயில் ஃபாரூக்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், பள்ளிவாசல் இஸ்லாமிய நடைமுறையின் இன்றியமையாப் பகுதி அன்று என்றும், நமாஸை எங்கும், திறந்தவெளியிலும் நிறைவேற்றலாம் என்றும் பெரும்பான்மை நீதிபதிகள் எழுதினார்கள். நமாஸ் என்ற சொல்லுக்கு அருகே அடைப்புக்குறிக்குள் ப்ரேயர் என்று பொருளும் தந்தார்கள். பூமி முழுவதும் தொழுமிடமாக ஆக்கப்பட்டிருக்கிறது என்பது நாம் அறிந்த ஹதீஸ்; அதில் பிணக்கில்லை. ஆனால் ஜமாஅத்தின் ஒழுங்கும் ரமலானின் கடைசிப் பத்தில் ஆண்கள் பள்ளியில் தங்கும் இஃதிகாஃபும் அந்த அடைப்புக்குறிக்குள் அடங்கவில்லை. அக்கருத்தைப் பெரிய அமர்வு மறுபடி ஆராயவேண்டும் என்ற கோரிக்கையை 2018 செப்டம்பர் 27 அன்று இருவர்க்கு ஒருவர் என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. மாறுபட்டு எழுதிய ஒரு நீதிபதி, இன்றியமையாமை என்பதை மார்க்கத்தின் நம்பிக்கையையும் நடைமுறையையும் விரிவாக ஆராய்ந்தே முடிவு செய்யவேண்டும் என்றார்.

இவ்வளவு சொன்ன பிறகும், தொழுகைக்கும் துஆவுக்கும் இடைப்பட்ட எல்லையில் ஒரு வாசல் இருப்பதைச் சொல்லாமல் விடமுடியாது. ஜனாஸாத் தொழுகையில் ருகூஉ இல்லை, ஸஜ்தா இல்லை. நான்கு தக்பீர்கள், நின்ற நிலை, இறந்தவருக்கான வேண்டல், இறுதியில் ஸலாம். சாரத்தில் அது துஆ. இருந்தும் உளூ வேண்டும், கிப்லா வேண்டும், அணி வேண்டும். துருக்கியர் அதைத் துவா என்று சொல்வதில்லை. ஜெனாஸே நமாஸ் என்கிறார்கள். நாமும் மையித்தைப் பள்ளிக்கு எடுத்துவந்து முன்னே வைத்த பின், "தொழ வைக்க யார் நிற்கிறார்கள்?" என்றுதான் கேட்கிறோம்.