பிறர் பணமும் தன் பரிசும்



நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய காலத்தில் நிகழ்ந்த ஒரு சிறு செய்தியைக் கூறி இன்றைய பேச்சைத் தொடங்குகின்றேன். எங்கள் பள்ளிக்கு வேண்டிய வெள்ளைத்தாள், சுண்ணக்கட்டி, பதிவேடுகள் முதலியவற்றை ஒரு குறிப்பிட்ட கடையில் வாங்குவது வழக்கமாயிருந்தது. கடைக்காரர் வாடிக்கையாளருக்கென ஓர் அட்டை வழங்கினார். நூறு ரூபாய்க்குப் பொருள் வாங்கினால் அட்டைக்கணக்கில் ஒரு புள்ளி சேரும். பணம் பள்ளியுடையது, அட்டையோ என் பெயரில் இருந்தது. இரண்டாண்டுகளில் அப்புள்ளிகள் ஒரு மிக்ஸியாக உருக்கொண்டு என் வீடு வந்து சேர்ந்தன. அதனைக் கண்ட என் மனைவியார், “அந்தக் கடையில் நாம் என்ன வாங்கினோம்?” என்று கேட்டார். எனக்கு விடை கூற நா எழவில்லை.

அக்கேள்வி எனக்கு மட்டும் உரியதன்று. பெரிய அரசுகளே அதற்கு விடை தேடி இடர்ப்பட்ட வரலாற்றை இன்று உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

வாங்குவோருக்குப் பரிசு தரும் வழக்கம் பழமையானது. 1896-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஸ்பெர்ரி, ஹட்சின்சன் என்னும் இருவர் ஒரு புதுமையான வாணிகத்தைத் தொடங்கினர். அவர்கள் அச்சிட்ட பச்சை முத்திரைகளைக் கடைக்காரர்கள் விலைக்கு வாங்கி, தம்மிடம் பொருள் வாங்குவோருக்கு இனாமாக அளித்தனர். அவற்றைச் சேர்த்து ஏட்டில் ஒட்டி நிரப்பியவர்கள், அவ்வேட்டைக் கொடுத்து வீட்டுக்கு வேண்டிய பொருள்களைப் பெற்றனர். இல்லத்தரசி ஒருத்தி தன் பணத்தில் பொருள் வாங்கித் தானே பரிசும் பெறுவதில் தவறு யாது?

சிக்கல் பின்னர்த் தோன்றியது. விமானக் கட்டணங்களையும் வழித்தடங்களையும் அரசே வரையறுக்கும் முறையை நீக்க அமெரிக்காவில் 1978-இல் சட்டம் இயற்றினர். கம்பெனிகளிடையே கடும்போட்டி மூண்டது. 1981-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் என்னும் கம்பெனி, பறந்த தூரத்தைப் பயணியின் பெயரில் மைல் கணக்காக எழுதி வைத்து, போதிய மைல்கள் சேர்ந்ததும் இலவசப் பயணச்சீட்டு அளிக்கும் திட்டத்தைக் கொணர்ந்தது. யுனைட்டெட் கம்பெனியும் அவ்வாண்டிலேயே அதனைப் பின்பற்றியது. ஆனால், அடிக்கடி பறப்பவருள் பலர் தம் பணத்தில் பறப்பதில்லை. அலுவலகமோ அரசோதான் அவர்களுக்குச் சீட்டு எடுத்துத் தருகின்றது. பணம் ஒருவர் பையிலிருந்து செல்ல, மைல்கள் மற்றொருவர் பையில் விழுந்தன.

அரசுப் பயணத்தில் சேர்ந்த மைல்கள் அரசின் சொத்தே என்பது அமெரிக்க அரசு முதலில் கொண்ட முடிவு. அவற்றை அலுவற்பயணத்துக்கே பயன்படுத்த வேண்டுமென 1994-இல் சட்டமும் வகுத்தனர். கொள்கை நேரியதே, செயலில் இடையூறுகள் மிகுந்தன. மைல் கணக்கு தனி மனிதரின் பெயரில் இருந்தது. சொந்தப் பயணமும் அரசுப் பயணமும் அதில் கலந்து நின்றன. இரண்டையும் பிரித்துக் காட்டுவதற்கே உழைப்பும் செலவும் வேண்டியிருந்தன. தமக்குப் பயனில்லை எனக் கண்ட ஊழியர் பலர் திட்டத்தில் சேரவே முற்படவில்லை. ஆதலின், 2001 டிசம்பரில் இயற்றிய சட்டம் ஒன்று, மைல்களை ஊழியரே வைத்துக்கொள்ளலாம் என அனுமதித்தது. பொதுமக்கள் பெறும் அதே முறையில் அவை கிடைத்திருக்க வேண்டும். அரசுக்குக் கூடுதல் செலவு நேர்ந்திருக்கக் கூடாது என்பன அச்சட்டத்தின் நிபந்தனைகள்.

இங்கு ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். எந்த ஊருக்கு எந்தக் கம்பெனியில், எந்தக் கட்டணத்தில் செல்வது என்பதை அமெரிக்க அரசு பெரும்பாலும் ஒப்பந்தத்தின்வழி முன்னரே உறுதி செய்துவிடுகின்றது. தேர்ந்தெடுக்கும் உரிமை ஊழியர் கையில் மிகுதியாக இல்லை. ஆகவே பரிசு அவர் மனத்தைச் சாய்க்கவும் இடம் குறைவு.

ஜெர்மனியின் வரலாறு வேறு. அந்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் அலுவற்பயணத்தில் சேர்த்த மைல்களை அலுவற்பயணத்துக்கே செலவிட வேண்டும் என்பது அம்மன்றத்தின் நெறி. அவற்றைச் சிலர் சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்தினர் என்னும் செய்தியை 2002 ஜூலையில் பில்டு என்னும் நாளிதழ் வெளியிட்டது. பசுமைக் கட்சியைச் சேர்ந்த செம் ஓஸ்டெமிர், தம்மீது எழுந்த தனிக்கடன் பற்றிய குற்றச்சாட்டும் இதனோடு சேர, கட்சியில் வகித்த பொறுப்பைத் துறந்தார். கிரெகோர் கீசி பெர்லின் நகர அரசில் வகித்த பொருளாதார அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். ஒருவர் 2004-இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கும், மற்றவர் 2005-இல் ஜெர்மானிய நாடாளுமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பெற்று மீண்டும் பொதுவாழ்வில் விளங்கினர். தவற்றுக்குத் தலைகுனிந்தவரை மக்கள் என்றென்றைக்குமாக ஒதுக்கிவிடவில்லை என்பதும் இதிலுள்ள பாடமன்றோ!

நம் நாட்டு நிதியமைச்சகமும் 2017-இல் வெளியிட்ட பயணப்படி ஆணையில் இதனைத் தெளிவாக்கியது. அலுவற்பயணத்தில் சேரும் மைல் புள்ளிகளைத் துறையின் பிற அலுவற்பயணங்களுக்கே பயன்படுத்துதல் வேண்டும்; சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்தினால் துறை நடவடிக்கைக்கு உள்ளாக நேரும் என்றது அவ்வாணை. அரசுப் பணத்தின் பயன் அரசையே சாரவேண்டும் என்பது அதன் கருத்து.

கையூட்டு இருளில் வருவது. அதனைக் கண்டால் நேர்மையாளர் விலகி ஓடுவர். இப்பரிசோ பகல் வெளிச்சத்தில், அச்சிட்ட அட்டையோடு, எல்லோருக்கும் போலவே நமக்கும் வருகின்றது. ஆதலின் மனச்சான்று விழித்துக்கொள்வதில்லை. “பள்ளிக்கு நட்டமில்லையே, கடைக்காரர் தம் கைப்பொருளைத்தானே தருகிறார்!” என்றே நானும் எண்ணியிருந்தேன்.

மனைவியார் கேட்ட மறுநாள் பழைய கோப்புகளைப் புரட்டினேன். முன்பெல்லாம் ஆண்டுதோறும் மூன்று கடைகளில் விலைப்புள்ளி கேட்டு, குறைந்த விலைக்குத் தருபவரிடம் வாங்கியிருக்கின்றேன். அட்டை வந்த பின்னர் இரண்டாண்டுகளாக எவரிடமும் கேட்கவில்லை. கேட்கவேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் அவ்வாறு முடிவு செய்யவில்லை. ஆயினும் கேளாமலே இருந்துவிட்டேன். புதிதாக விலைப்புள்ளி வாங்கிப் பார்த்தபோது, வேறொரு கடையில் தாளின் விலை குறைவாக இருந்தது. அந்த மிக்ஸிக்கு உண்மையில் விலை கொடுத்தவர்கள் என் மாணவர்களே என்பது அப்போதுதான் விளங்கிற்று.

மிக்ஸியைப் பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏற்றிச் சத்துணவுக் கூடத்துக்கு அனுப்பினேன். ஆசிரியர் கூட்டத்தில் நடந்ததைக் கூறினேன். அதன்பின் பரிசு தர முன்வந்த கடைக்காரர்களிடம், “அத்தொகையைப் பட்டியலிலேயே கழித்துவிடுங்கள்” என்று சொல்லலானேன். பலரும் மகிழ்ச்சியோடு கழித்தனர்.

நாளை நீங்களும் அலுவலகங்களில் அமர்ந்து பிறர் பணத்தைச் செலவிடப் போகின்றவர்கள். சட்டம் ஒரு நாட்டில் ஒருவாறும் மற்றொரு நாட்டில் வேறாகவும் இருக்கலாம். ஒரு காலத்தில் தடுத்ததை மற்றொரு காலத்தில் அனுமதிக்கவும் செய்யலாம். சட்டம் எதுவாயினும், பரிசு ஒன்று உங்கள் கைக்கு வரும்போது, பணம் யாருடையது என்றும், இப்பரிசு இல்லாதிருந்தால் இதே கடையில் இதே விலைக்கு வாங்கியிருப்போமா என்றும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நான் இரண்டாண்டுகள் கழித்துக் கேட்டேன். நீங்கள் முதல் நாளிலேயே கேட்பீர்களாக.