புயலிலே ஒரு தோணியும் வாசகர் தீர்ப்புகளும்

சிலாங்கூர் மாநிலத்தின் வடகோடியில் நெல்வயல்களுக்கு நடுவே அமைந்த ஊர் சுங்கை பஞ்சாங். அதனை அடுத்த கடற்கரையில் நின்று மேற்கே நோக்கினால் நீர்ப்பரப்பு ஒன்றே தெரியும். ஆயினும் அந்நீரிணையின் மறுகரையில் சுமத்திரா இருக்கிறது என்பதை அவ்வட்டார மக்கள் மறப்பதில்லை. சபாக் பெர்ணம் மாவட்டத்தில் ஜாவா வழிவந்த குடும்பங்கள் மிகுதி. தெற்கே இறங்கி வந்தால் தஞ்சோங் காராங், கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஜெராம் என்று தமிழர் வியர்வை சிந்திய தோட்டப் பகுதிகள் தொடர்கின்றன. இத்தகைய நிலப்பகுதியில் வாழும் தமிழ் வாசகன் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' என்னும் நாவலை எடுத்துப் படிக்குங்கால், மதுரையிலோ சென்னையிலோ இருந்து படிப்பவனுக்குத் தோன்றாத சில கேள்விகள் அவனுக்குத் தோன்றுகின்றன. அந்நாவலைப் பற்றி எழுந்துள்ள மாறுபட்ட கருத்துகளை ஆராய்வதற்கு இது நல்லதொரு இடமாகும்.

சிங்காரம் 1920ஆம் ஆண்டு சிங்கம்புணரியில் பிறந்தவர். 1938இல் கப்பலேறி, வட்டித்தொழில் செய்த கடையொன்றில் வேலை பார்க்கச் சுமத்திராவின் மெடான் நகருக்கு வந்தார். போர் முடிந்தபின் 1946இல் தாயகம் திரும்பி, மதுரையில் 'தினத்தந்தி' நாளிதழில் பல்லாண்டுகள் பணியாற்றி, 1997இல் மறைந்தார். அவர் எழுதிய நாவல்கள் இரண்டே. முதலாவதாகிய 'கடலுக்கு அப்பால்' கலைமகள் நடத்திய நாவல் போட்டியில் பரிசு பெற்று 1959இல் நூலாயிற்று. இரண்டாவதே 'புயலிலே ஒரு தோணி'. 1960களின் தொடக்கத்திலேயே எழுதப்பட்டிருந்தும் 1972இல்தான் அது அச்சேறியது. அதன்பின் அவர் நாவல் எழுதவில்லை. நூல் வெளிவந்த காலத்தில் அதனை வரவேற்றுப் பேசியவர் மிகச் சிலரே. பின்னர் சி. மோகன் போன்ற விமர்சகர்கள் அதனைத் தமிழின் தலைசிறந்த நாவல்களுள் ஒன்றாக வைத்துப் பேசத் தொடங்கியதும் நிலைமை மாறியது. ஆசிரியர் தம் முதுமையில்தான் அப்புகழின் ஓரத்தைக் கண்டார்.

கதையைச் சுருங்கக் கூறலாம். 1942 மார்ச்சில் ஜப்பானியர் படை மெடானில் நுழைகிறது. கடைப் பணியாளனாகிய பாண்டியன் அதனைக் காண்கிறான். பின்னர்த் தொங்கானில் ஏறி, கடற்புயலில் சிக்கி, பினாங்கு வந்து சேர்கிறான்; இந்திய தேசிய இராணுவத்தில் இணைகிறான். ஜப்பான் சரணடைந்தபின் மீண்டும் சுமத்திராவுக்குச் சென்று, டச்சு ஆட்சியை எதிர்த்த இந்தோனேசியப் போராளிகளோடு சேர்கிறான். அம்மண்ணிலேயே உயிர் துறக்கிறான். ஆக, ஒரு தமிழ் இளைஞனின் வாழ்வில் இரண்டு புரட்சிகள் குறுக்கிடுகின்றன. ஒன்று நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலையில் சிங்கப்பூரில் தலைமையேற்று, அதே ஆண்டு அக்டோபர் 21இல் தற்காலிக அரசை அறிவித்து நடத்திய விடுதலைப் போர். மற்றொன்று 1945 ஆகஸ்டு 17இல் இந்தோனேசியா விடுதலை அறிவிப்புச் செய்தது முதல் 1949 டிசம்பரில் டச்சு அரசு ஆட்சியுரிமையை ஒப்படைக்கும் வரை நடந்த போராட்டம்.

இந்நூலைப் போற்றுவோர் கூறும் காரணம் தெளிவானது. தமிழில் வரலாற்று நாவல் என்றால் சோழ மன்னரும் பல்லவ மன்னரும் குதிரையேறி வருவதே வழக்கமாக இருந்தது. வாழும் தலைமுறை கண்ணாற் கண்ட போரை, அரசர் அல்லாத ஒருவனின் வழியாக, கடல் கடந்த நிலத்தில் வைத்துக் காட்டியவர் சிங்காரம். அதில் வீரவணக்கம் இல்லை. தலைவர்களும் தளபதிகளும் வந்து போகிறார்கள். வரலாறு ஒருவரையும் கேளாமல் நடந்து செல்கிறது. புயலில் அகப்பட்ட தோணி என்னும் தலைப்பே அதற்குச் சான்று.

மறுப்போர் கூற்றையும் புறக்கணித்தற்கில்லை. நாவலில் ஒழுங்கான கதைப்பின்னல் இல்லை என்பர். மெடான் தெருவில் நடந்துகொண்டிருக்கும் பாண்டியன் திடீரென்று மதுரைத் தெருக்களில் நிற்கிறான். பேச்சு எங்கே முடிகிறது, நினைவு எங்கே தொடங்குகிறது என்று புலப்படுவதில்லை. மலாய்ச் சொல்லும் டச்சுச் சொல்லும் சீனச் சொல்லும் கலந்து வருகின்றன. தமிழ்நாட்டு வாசகர் பலர் முதல் சில பக்கங்களிலேயே நூலை மூடிவிட்டதற்கு இதுவே காரணம் என்பதுண்டு. இக்குறை மலேசிய வாசகனைப் பெரிதும் தாக்குவதில்லை. தொங்கானும் பசாரும் அவனுக்கு அகராதிச் சொற்கள் அல்ல. இது ஒரு சிறு செய்திதான். ஆயினும் ஒரு நூலின் கடினம் என்பது நூலில் மட்டும் இருப்பதன்று, படிப்பவன் நிற்கும் இடத்திலும் இருக்கிறது என்பதை அது காட்டுகிறது.

தமிழாசிரியர்களிடையே எழும் தடை வேறு வகையினது. இந்நாவலின் மாந்தர் தமிழ்ப் பழம்பெருமையை எள்ளி நகையாடுகின்றனர். சிலம்பும் குறளும் அவர்கள் வாயில் கேலிப்பொருளாகவும் வருகின்றன. மரபுத் தொடர்கள் திரித்துப் பேசப்படுகின்றன. மொழியைக் காப்பதே உயிர்மூச்சாகக் கொண்டு, மாணவர் எண்ணிக்கை குறைந்துவரும் பள்ளிகளில் பணிபுரியும் ஆசிரியருக்கு இது நெஞ்சில் முள்ளாகத் தைப்பது இயல்பே. பெருமையைச் சொல்லித்தான் பிள்ளைகளைத் தமிழ் வகுப்பில் இருத்த முடிகிறது. அதையும் ஒருவர் சிரித்துத் தள்ளினால் எதைச் சொல்வது என்று அவர் கேட்பார். கேள்வி நேர்மையானது. ஆனால் இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். சிலம்பை இவ்வளவு நுணுக்கமாகக் கேலி செய்ய, அதனை வரிவரியாகக் கற்றிருக்க வேண்டும். பாண்டியனும் அவன் தோழர்களும் தமிழ் அறியாதார் அல்லர். தமிழில் ஊறியவர்கள், பிறந்த மண்ணை விட்டு வெகுதொலைவில், பீரங்கிச் சத்தத்தின் நடுவே, தாம் கற்றது தமக்கு எவ்வளவு உதவும் என்று உரசிப் பார்க்கிறார்கள். அந்த நகைப்பில் பற்று இல்லை என்று கூறுவது பொருந்தாது. எனினும், இந்நூலைக் கீழ்நிலைப் படிவ மாணவர் கையில் கொடுப்பது உகந்ததன்று. மரபை முதலில் கற்றபின் அதன் மீதான கேலியைக் கற்பதே முறை.

இனி, கோலசிலாங்கூர்த் தோட்டங்களில் வேர்கொண்ட வாசகனின் கேள்விக்கு வருவோம். எல்லாவற்றினும் கனமான கேள்வி அதுவே. இந்நாவலின் உலகம் வட்டிக்கடை உலகம். முதலாளி, மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று அவ்வுலகின் படிநிலைகள் துல்லியமாக வருகின்றன. லயம் எங்கே? பிரட்டுக் களம் எங்கே? மலாயாத் தமிழரில் மிகப் பெரும்பான்மையோர் பால்மரம் வெட்டியவர்கள். கடைப் பணியாளன் சில ஆண்டுக் கணக்கு முடித்து ஊர் திரும்புவான். தோட்டத்தான் இம்மண்ணிலேயே புதைந்தான். அவ்வாறிருக்க, இதனை நம் வரலாற்று நாவல் என்று எவ்வாறு கொள்வது என அவ்வாசகன் கேட்கிறான்.

அவன் கேள்விக்கு வரலாறும் துணை நிற்கிறது. ஜப்பானியர் வருவதற்கு முன்னரே, 1941ஆம் ஆண்டின் முற்பகுதியில், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற அப்போராட்டம் சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவியது. சீனத் தொழிலாளருக்கு ஈடான கூலி, பிள்ளைகளுக்குத் தக்க கல்வி, தோட்டங்களில் கள்ளுக்கடை ஒழிப்பு ஆகியவை அவர்தம் கோரிக்கைகளுள் சில. துரையைக் கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. கூலிக்காக மட்டும் எழுந்த கிளர்ச்சியன்று அது என்பதை இந்த ஒரு கோரிக்கையே உணர்த்தும். மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார், படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். 1942 ஜனவரியில் கோலாலம்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அதன்பின் தோட்டத்து ஆண்கள் பல்லாயிரவர் சயாம்–பர்மா ரயில் பாதை போடக் கொண்டுசெல்லப்பட்டனர், திரும்பாதோர் பலர். எஞ்சியோர் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தனர். நேதாஜியின் அழைப்பைக் கேட்டு, தோட்டத்து இளைஞரும் இளம்பெண்களும் படையிற் சேர்ந்தனர். சேர்ந்தோரில் எத்தனை பேர் தேசப்பற்றால் சேர்ந்தனர், எத்தனை பேர் சயாமுக்குப் போவதினும் இது மேல் என்று சேர்ந்தனர் என்பதை எவர் பிரித்துச் சொல்ல வல்லார்?

இந்தக் கதையைச் சிங்காரம் சொல்லவில்லை. அதற்காக அவர்மீது குற்றம் சாட்டுவது முறையாகுமா என்பதே வழக்கு. அவர் தாம் வாழ்ந்த தெருவை எழுதினார். தாம் வாழாத லயத்தை எழுத முனைந்திருந்தால் அது ஒரு சுற்றுலாக்காரனின் எழுத்தாகியிருக்கும். 1970களில் மலேசியா வந்து சென்ற அகிலன், 'பால்மரக்காட்டினிலே' என்று தோட்டத் தொழிலாளரைப் பற்றி நாவல் எழுதினார். பரிவோடு எழுதப்பட்ட நூல்தான். பரிவு வேறு, உடனிருந்து அறிதல் வேறு. விடுபட்ட வரலாற்றை எழுதும் கடன் இம்மண்ணில் பிறந்தவர்களுடையது. அக்கடனைச் சிலர் செலுத்தவும் செய்துள்ளனர். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' 1993இல் வெளிவந்தது. அ. ரெங்கசாமி, சயாம் ரயில் பாதையைப் பொருளாகக் கொண்டு 'நினைவுச் சின்னம்' என்னும் நாவலையும், இந்திய தேசிய இராணுவத்தைப் பொருளாகக் கொண்டு 'இமையத் தியாகம்' என்னும் நாவலையும் எழுதினார். கலைத்திறத்தில் இவை 'புயலிலே ஒரு தோணி'க்கு ஈடாகா என்பார் உளர். அதனை மறுப்பது எளிதன்று. ஆனால் தன் பாட்டனின் பெயரைத் தேடிப் புத்தகத்தைத் திறப்பவனுக்குக் கலைத்திறம் இரண்டாவதாகவே வரும்.

சுங்கை பஞ்சாங் வாசகன் கேட்கத்தக்க வேறொரு கேள்வியும் உண்டு. இதுகாறும் நிகழ்ந்த விவாதங்களில் அதற்கு உரிய இடம் கிடைக்கவில்லை. பாண்டியன் ஏன் இந்தோனேசியர் போரில் சேர்ந்தான்? அது அவன் நாடன்று, அவன் மொழியன்று. தன் நாட்டு விடுதலைக்கென அமைந்த படை கலைந்தபின், அயலார் விடுதலைக்காக அவன் துப்பாக்கி ஏந்துகிறான். வேலையற்ற வீரனின் சாகச வேட்கை என்று சிலர் இதனை ஒதுக்குவர். தமிழன் தன் வீட்டு நெருப்பை விட்டு அடுத்த வீட்டு நெருப்பை அணைக்கப் போன கதை என்று வருந்துவோரும் உண்டு. ஆனால் மெடானில் வாழ்ந்து உழைத்து நட்புக் கொண்டவனுக்கு அது உண்மையில் அயல் நாடாக இருந்ததா? ஜாவா வழிவந்த குடும்பத்தை அண்டை வீடாகக் கொண்டு, அவர் திருமணத்திற்குச் சென்று, தன் தீபாவளிக்கு அவரை அழைக்கும் சுங்கை பஞ்சாங் தமிழனுக்கு, பாண்டியனின் முடிவு அவ்வளவு புதிராகத் தோன்றாது.

அப்புரட்சியைச் சிங்காரம் பொன்னால் மெழுகவுமில்லை. கிழக்குச் சுமத்திராவில் 1946 மார்ச்சில் எழுந்த கலகத்தில் சுல்தான் குடும்பத்தார் பலர் கொல்லப்பட்டனர். மலாய்க் கவிதையின் மாணிக்கமாகிய அமீர் ஹம்சாவும் அதில் பலியானார் என்பது வரலாறு. அந்த ஆண்டில்தான் சிங்காரம் ஊருக்குக் கப்பலேறினார். விடுதலையும் படுகொலையும் ஒரே தெருவில் நடந்து வந்த காலத்தை அருகிருந்து கண்டவர், வாழ்த்துப்பா எழுத இயலாமற் போனதில் வியப்பில்லை. அவருடைய பாண்டியனோ அக்கப்பலில் ஏறவில்லை.