அதிரும் இயந்திரங்களுக்கு அஸ்திவாரம் போட்ட கதை

வீட்டுக்கு அஸ்திவாரம் போடுவது நமக்குப் பழகிய வித்தை. சுவரின் பாரம், கூரையின் பாரம், மண் எவ்வளவு தாங்கும் என்ற கணக்கு, இவை தெரிந்தால் கொத்தனாரே போட்டுவிடுவார். ஆனால் நிமிஷத்துக்கு 300 தடவை பிஸ்டன் முன்னும் பின்னும் ஓடுகிற ஒரு கம்ப்ரஸரை எதன்மேல் உட்கார வைப்பது? வெறும் பாரக் கணக்கு இங்கே உதவாது என்பதைப் பொறியாளர்கள் புரிந்துகொள்ள ஏறக்குறைய நூறு வருஷம் ஆயிற்று.

ஜேம்ஸ் நாஸ்மித் நீராவிச் சம்மட்டிக்குக் காப்புரிமை பெற்றது 1842-ல். பட்டறைக்காரர்கள் சம்மட்டியின் அடியை வாங்கும் பட்டடைக்குக் கீழே கெட்டியான மர உத்தரங்களை அடுக்கினார்கள். அடியின் வேகத்தை மரம் கொஞ்சம் விழுங்கிக்கொள்ளும். கணக்குப் போட்டுச் செய்ததில்லை, அனுபவத்தில் கண்டது.

மின்சார நிலையங்கள் ஊருக்கு நடுவே வந்தபோதுதான் விவகாரம் கோர்ட் வரை போனது. லண்டனில் ஷெல்ஃபர் என்பவர் ஒரு மதுக்கடையைக் குத்தகைக்கு எடுத்து நடத்தி வந்தார். பக்கத்திலேயே ஒரு மின்சாரக் கம்பெனி பெரிய பெரிய என்ஜின்களை நிறுவியது. கட்டடம் பழுதாயிற்று, குடியிருப்பவர்களுக்கு நிம்மதி போயிற்று. கீழ்க் கோர்ட் நஷ்டஈடு போதும் என்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. காசைக் கொடுத்துவிட்டுத் தொல்லையைத் தொடரும் உரிமையை விலைக்கு வாங்க முடியாது என்று தடையுத்தரவே போட்டது. 1895-ஆம் வருஷத்துச் சட்ட அறிக்கைகளில் வந்த இந்தத் தீர்ப்பைச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். நம் சிவில் என்ஜினீயர்களும் ஒருமுறை படித்துவைப்பது நல்லது! அதே லண்டனில் மான்செஸ்டர் சதுக்க மின்நிலையத்திலும் இப்படியே அதிர்வுப் புகார் எழுந்தது. அங்கே சார்லஸ் பார்ஸன்ஸின் சுழலும் டர்பைன்கள் வந்து சேர்ந்தன.

அந்தக் காலத்து வைத்தியம் ஒன்றே ஒன்றுதான்: ஆடுதா, எடையைக் கூட்டு. என்ஜின் எடையைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று கான்கிரீட்டைக் கொட்டுவார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். அதற்கென்று ஒரு தாளம் உண்டு. அந்தத் தாளத்தோடு சேர்த்துத் தள்ளினால் குழந்தை தள்ளினாலும் ஊஞ்சல் உயரப் போகும். கான்கிரீட் பாளமும் அப்படித்தான். கீழே இருக்கும் மண் ஒரு ஸ்பிரிங்; அதன்மேல் உட்கார்ந்த பாளத்துக்கும் ஓர் இயல்பான தாளம் உண்டு. இயந்திரத்தின் வேகம் அதோடு ஒத்துப்போனால் ஒத்ததிர்வு வந்துவிடும்.

நமது 300 சுற்றுக் கம்ப்ரஸரையே எடுத்துக்கொள்வோம். வினாடிக்கு 5 அதிர்வு. அஸ்திவாரத்தின் இயல்பு அதிர்வெண் 8 என்றால் பயமில்லை, இரண்டும் விலகி நிற்கின்றன. இதையும் நம்பாமல் ஒருவர் அடிப்பரப்பைக் கூட்டாமல் எடையை மட்டும் ஏற்றிக்கொண்டே போகிறார் என்று வைத்துக்கொள்வோம். எடை ஏற ஏற அதிர்வெண் இறங்கும். மொத்த எடை சுமார் இரண்டரை மடங்கு ஆகும்போது அது சரியாக 5-க்கு வந்து நிற்கும்! அதாவது நோயை விலை கொடுத்து வாங்கியாயிற்று. அடிப்பரப்பை அகலப்படுத்தியிருந்தால் ஸ்பிரிங் விறைப்பாகி அதிர்வெண் மேலே போயிருக்கும்.

மண்ணை ஸ்பிரிங்காகப் பார்க்கும் பார்வை 1930-களில் பெர்லினில் வலுப்பெற்றது. மையம் விலகிய எடைகள் சுழலும் ஒரு கருவியைத் தரையில் வைத்து, மண் எப்படிப் பதில் சொல்கிறது என்று அளந்தார்கள். 1936-ல் எரிக் ரைஸ்னர் இதற்குக் கணித வடிவம் கொடுத்தார். சோவியத் நாட்டில் பார்க்கன் நிஜமான தொழிற்சாலை அஸ்திவாரங்களையே ஆராய்ந்து 1948-ல் எழுதிய நூல், 1962-ல் ஆங்கிலத்தில் வந்தது.

சரியான சமயத்தில்தான் வந்தது. 1959-ல் ரூர்கேலா, பிலாய், துர்காபூர் மூன்றிலும் உருக்காலைகள் தொடங்கியிருந்தன. முறையே ஜெர்மன், சோவியத், பிரிட்டிஷ் உதவி. 1962-ல் சோவியத் உதவியோடு நெய்வேலி அனல் மின்நிலையம். இந்த ஊர்களுக்கு வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் எத்தனை! இயந்திரம் மாஸ்கோவிலிருந்தோ பெர்மிங்ஹாமிலிருந்தோ வரலாம், அதைத் தாங்கும் மண் இங்கே உள்ளதுதானே? ஆகவே நமக்கென்று விதிகள் தேவைப்பட்டன. இந்தியத் தர நிறுவனம் 1964-ல் ஐ.எஸ். 2974-ன் முதல் பாகத்தை, பிஸ்டன் வகை இயந்திரங்களுக்காக வெளியிட்டது. சம்மட்டிகளுக்கும் சுழல் இயந்திரங்களுக்கும் அடுத்தடுத்த பாகங்கள் வந்தன.

ரூர்க்கிப் பல்கலைக்கழகத்தில் ஷம்ஷேர் பிரகாஷ் போன்றோர் மண் இயக்கவியலை வளர்த்தார்கள். நம் சென்னையின் பங்கும் சிறியதல்ல. அங்குள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த ஸ்ரீநிவாசுலு, வைத்தியநாதன் இருவரும் எழுதிய இயந்திர அஸ்திவாரக் கையேடு 1976-ல் வெளிவந்தது. வெளிநாட்டு நூல்களில் சிதறிக் கிடந்ததை இந்திய விதிகளோடு இணைத்து, டிசைன் மேஜையில் விரித்து வைத்துக் கணக்குப் போடும்படி கொடுத்த நூல். அதற்குரிய புகழ் அதற்குக் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

டர்பைன் கதை கொஞ்சம் வேறு. நிமிஷத்துக்கு 3000 சுற்று. பெரும்பாலும் அஸ்திவாரச் சட்டகத்தின் முக்கிய அதிர்வெண்கள் அந்த வேகத்துக்குக் கீழே இருக்கும். ஆகவே ஓட்டத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் ஒத்ததிர்வைக் கடந்துதான் தீரவேண்டும். தயங்காமல் கடந்துவிட்டால் பாதகமில்லை.

மண்ணின் ஸ்பிரிங் பலத்தை அறிய 1969-ல் வந்த ஐ.எஸ். 5249 ஒரு வழி சொல்லியது. இயந்திரம் நிற்கப்போகும் இடத்தில் குழி தோண்டி, 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், 0.70 மீட்டர் உயரத்தில் ஒரு கான்கிரீட் பாளம் வார்க்கிறார்கள். மேலே ஓர் அதிர்வூட்டியை முடுக்கி வேகத்தைப் படிப்படியாக ஏற்ற, எந்த வேகத்தில் பாளம் அதிகமாக ஆடுகிறதோ அதிலிருந்து கணக்கு கிடைக்கும். பழைய பெர்லின் சோதனைக்குச் சொந்தக்காரத் தம்பி என்றே சொல்லலாம். செலவைப் பார்த்து இதைத் தவிர்த்துவிட்டு, புத்தக அட்டவணையிலிருந்து ஓர் எண்ணை எடுத்துப் போட்டுக்கொள்ளும் பழக்கமும் உண்டு. பிறகு கம்ப்ரஸர் ஆட ஆரம்பித்தால் நூற்றுக்கணக்கான டன் கான்கிரீட்டை உடைத்தா எடுக்க முடியும்? மண்ணுக்குள் ரசாயனக் கரைசலைச் செலுத்தி இறுக்குவதும், பக்கத்தில் புதுப் பாளத்தை இணைத்து அடிப்பரப்பைக் கூட்டுவதும்தான் அப்போது செய்யக்கூடியவை. இரண்டையும் பார்க்கன் தம் நூலிலேயே விவரித்திருக்கிறார்.