எந்த விளக்கை அணைப்பது

லைட்மேன் வேலையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவன் நான். ஒரு டைரக்டருக்குக் காட்சி எடுக்கத் தெரியுமா என்பது டேக் போவதற்கு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடும். லைட்டைப் போடச் சொல்ல எல்லோராலும் முடியும். எந்த லைட்டை அணைக்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் சிலர்தான். ஜனங்கள் இந்த நொடியில் யாரைப் பார்க்க வேண்டும், எதை இப்போதைக்குப் பார்க்கக் கூடாது என்பது அவர்கள் மனசில் ஏற்கெனவே முடிவாகியிருக்கும். தமிழ் சினிமாவில் அந்தத் தெளிவு வளர்ந்த கதையை விளக்குகளை வைத்தே சொல்லலாம்.

முதலில் எங்கள் தொழிலே கிடையாது. 1910களின் பிற்பாதியில் நடராஜ முதலியார் சென்னை மில்லர்ஸ் ரோட்டில் 'கீசக வதம்' என்ற மௌனப் படத்தை எடுத்தபோது சூரியன்தான் விளக்கு. மேலே வெள்ளைத் துணியைக் கட்டி வெயிலை வடிகட்டினார். மோட்டார் உதிரிபாகம் விற்றுக்கொண்டிருந்தவர் அவர். முகத்தில் கறுப்பு நிழல் விழாமல் வெயிலைப் பதமாக இறக்க வேண்டும் என்று அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பேசும் படம் வந்து ஸ்டூடியோக்கள் எழுந்த பிறகு நிலைமை மாறியது. அன்றைய பிலிம் மந்தமானது. ஒரு முகம் பதியவே விளக்குகளைக் கொட்ட வேண்டும். நடித்தவர்களும் நாடகக் கொட்டகையிலிருந்து வந்தவர்கள். கேமரா எதிரே நிற்கும், எல்லோர் முகமும் ஒரே அளவில் பளிச்சென்று தெரியும். அமெரிக்காவிலிருந்து வந்த எல்லிஸ் ஆர். டங்கன் போன்றவர்கள்தான் கேமராவை நடிகர் பக்கத்தில் கொண்டுபோனார்கள்.

1948இல் வந்த 'சந்திரலேகா'வின் முரசு நடனத்தைப் பலரும் பிரமாண்டத்துக்காகப் பேசுகிறார்கள். ஜெமினியில் எஸ்.எஸ். வாசன் எடுத்தது, செட் ஏ.கே. சேகர் போட்டது. எனக்கு அதில் பிடித்தது வேறு. முரசுகளின் மேல் பெண்கள் ஆடுகிறார்கள், உள்ளே வீரர்கள் பதுங்கியிருக்கிறார்கள். அத்தனை வெளிச்சத்திலும் மறைக்க வேண்டியதை வாசன் மறைத்துவிட்டார். ஆட்டம் முடிந்து முரசு திறக்கும்போதுதான், இவ்வளவு நேரம் நம் கண்ணை எங்கே கட்டிப்போட்டிருந்தார் என்று புரிகிறது.

ஆறு வருஷம் கழித்து அதையே இருட்டால் செய்து காட்டினார் எஸ். பாலசந்தர். ஏவி.எம்.மின் 'அந்த நாள்' 1954இல் வந்தது. ஒரு பாட்டுகூடக் கிடையாது. கதை 1943இல் ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போட்ட நாளில் தொடங்குகிறது. ஆரம்பத்திலேயே சிவாஜி சுடப்பட்டு விழுந்துவிடுவார். பெரிய நடிகரின் முகத்தைப் பாதி நிழலில் விட எவ்வளவு தைரியம் வேண்டும் என்பது ஃபுளோரில் நின்றவனுக்குத் தெரியும். மாருதி ராவ் கேமராவில் அந்த நிழல்தான் சந்தேகத்தைக் கிளப்புகிறது. அந்தக் கொலையைப் பற்றி ஒவ்வொருவர் சொல்லும் கதையையும் நாம் நம்பாமல் பார்க்கிறோம்.

ஸ்ரீதர் 1962இல் 'நெஞ்சில் ஓர் ஆலய'த்தை ஒரே ஆஸ்பத்திரி செட்டில், ஒரு மாதத்துக்குள் முடித்தார். தனக்குப் பிறகு நீ மறுமணம் செய்துகொள் என்று படுக்கையிலிருந்து கேட்ட கணவனுக்கு தேவிகா பாட்டில் பதில் சொல்லும் இடத்தில், வின்சென்ட்டின் கேமரா கட்டிலுக்கு அடியில் புகுந்து வரும். கேமரா அங்கே போனால் விளக்கை நிறுத்தத் தரையில் இடமே இருக்காது. இருந்தும் ஏன் அந்தப் பாடு? அந்த அறையில் அவளுக்குத் தப்பிக்க வழியில்லை என்பதை நமக்கும் உணர்த்தத்தான்.

வெள்ளைத் துணி மறுபடி வந்தது வங்காளத்தில். 1956இல் வந்த சத்யஜித் ராயின் 'அபராஜிதோ'வுக்காக காசி வீட்டு முற்றத்தை செட்டாகப் போட்டார்கள். கேமராமேன் சுப்ரதா மித்ரா மேலே துணியை விரித்து, விளக்கை அதன்மேல் அடித்துத் திரும்பி விழும் வெளிச்சத்தில் எடுத்தார். பிலிம் வேகம் கூடக் கூட அந்த முறை பரவியது. துணிபோல வெளிச்சத்தைத் திருப்பிவிட எங்கள் கையில் தெர்மோகோல் அட்டை வந்தது. ஜன்னல் வெளிச்சத்திலேயே படம் எடுக்கலாம் என்று இங்கே காட்டியவர் பாலு மகேந்திரா.

அவருடைய 'வீடு' படத்துக்காகச் சாலிகிராமத்தில் நிஜமாகவே ஒரு வீடு எழும்பியது. பாதி கட்டிய அந்த வீட்டைப் பார்க்கத் தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர் குடையோடு தனியாக வருவார். வசனம் இல்லை, இளையராஜாவின் இசை மட்டும். செங்கல் சுவரைத் தடவிப் பார்ப்பார், நிமிர்ந்து பார்ப்பார். வீட்டு விளக்கைப் பார்க்க அவர் இருக்கப் போவதில்லை. திரும்பும் வழியிலேயே உயிர் போய்விடும். அந்தச் சுவர்மேல் கூடுதலாக ஒரு விளக்கு போட்டிருந்தாலும் அது செட் ஆகியிருக்கும், அவர் நடிகர் ஆகியிருப்பார். 1987ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படம் 'வீடு'.

இதற்கிடையே சென்னையில் படத்தொழில் நடக்கும் இடமும் மேற்கே நகர்ந்துகொண்டே வந்தது. மவுண்ட் ரோட்டில் ஜெமினி, பிறகு கோடம்பாக்கம், வடபழனி, பிறகு ஆற்காடு சாலையோடு வளசரவாக்கத்து சீரியல் வீடுகள், இப்போது செம்பரம்பாக்கத்தில் ஈ.வி.பி. பிலிம் சிட்டி. சென்னீர்குப்பத்திலிருந்து பூந்தமல்லி போய் பஸ் மாறி விடியற்காலையில் வடபழனி போனவன் நான். இன்று என் தெருப் பையன்கள் எதிர்த்திசையில் பைக்கில் வேலைக்குப் போகிறார்கள்.

சீரியலில் நேரம் கிடையாது. காலையில் கூடம் முழுக்க லைட் போட்டால் சாயங்காலம்வரை அதே லைட்தான். ஒருமுறை போரூர்ப் பக்கம் ஒரு வீட்டில் மகன் இறந்த செய்தியைத் தாய் கேட்கும் காட்சி. இளம் டைரக்டர் சமையலறை வாசலில் நின்று யோசித்தார். கூடத்தில் இரண்டு பேபி லைட்டை, அதாவது சின்ன விளக்குகளை, அணைக்கச் சொன்னார். தெர்மோகோலைப் பிடித்திருந்த என்னை இரண்டடி பின்னால் போகச் சொன்னார். அம்மா முகம் மங்கியது. அடுப்பில் பொங்கும் பாலும், அதை இறக்காமல் தொங்கும் அவர் கையும் மட்டும் தெரிந்தன. கூடுதலாகப் பிடித்தது பத்து நிமிஷம்கூட இல்லை. டேக் முடிந்ததும் ஃபுளோரில் யாரும் பேசவில்லை.

இப்போது எல்.இ.டி. விளக்கைக் கீழே நின்றபடி போனிலேயே கூட்டலாம், குறைக்கலாம். மேலே ஏறிக் கை சுட்டுக்கொண்ட எங்களுக்கு அதில் உண்மையான சந்தோஷம். ஆனால் யாரைப் பார்க்க வைப்பது என்ற முடிவை அந்த போன் எடுக்காது. காட்சி எடுக்க வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: பெரிய செட், பெரிய கேமரா இல்லையே என்று ஏங்க வேண்டாம். இந்தக் காட்சி யாருடையது என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். பிறகு லைட்மேனைக் கூப்பிட்டு, எதெல்லாம் வேண்டாம் என்று சொல்லுங்கள். மிச்சத்தை அவன் செய்து தருவான்.